தேடினால் ஒழுகாத பெட்ரோல்

"தேடினா இல்லீங் மாஸ்டர். தேடலைன்னா ஒழுகுது. இது என்ன கெரகமுங்?"

வெள்ளியங்கிரி கேட்டார். ஓடி வந்ததில் மூச்சு இன்னும் அடங்கவில்லை.

நூர்ஜஹான் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எது?"

"பெட்ரோலுங்! பின்ன என்ன, எங்கூட்டுத் தண்ணிக் குழாயவா கேக்கறேன்?"

மாஸ்டர் என்றதும் நரைத்த தலையாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நூர்ஜஹானுக்கு வயசு முப்பத்து நாலு. கோயமுத்தூரில் சொந்தமாக ஒர்க் ஷாப். ரேஸ் வண்டி என்ஜினைப் பிரித்து மாட்டுவதில் அவரை அடிச்சுக்க ஆளில்லை. அந்தத் திமிரும் கொஞ்சம் உண்டு, இல்லையென்று சொன்னால் அவரே கோபித்துக்கொள்வார்.

சீடருக்கு ஐம்பதை நெருங்குகிறது. பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார் மில் முதலாளி. "எனக்கும் தொழில் கத்துக் குடுங்க மாஸ்டர்" என்று போன வருஷம் ஒர்க் ஷாப் வாசலில் வந்து நின்றவர். இன்னும் நகரவில்லை.

அன்றைக்கு மலையேற்றக் கார்ப் போட்டி. அடிவார மைதானம் பூராவும் புழுதி, ஹாரன், மைக் செட் அலறல். ஒவ்வொரு வண்டியாகக் கூப்பிட்டு மலைமேல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மேலே போகிற ஒவ்வொரு வண்டியின் உறுமலுக்கும் வெள்ளியங்கிரியின் வலது கால் தானாகத் தரையை மிதித்தது.

"எப்பக் கூப்புடுவாங்க உங்கள?"

"இன்னும் ஒரு மணி நேரத்துல மாஸ்டர். சீக்கிரம் வாங்க. ரங்கா ஏற மாட்டேங்கறா."

ரங்கநாயகி புளியமரத்தடியில் நின்றிருந்தார். ஹெல்மெட் கையில் இருந்தது. தலையில் இல்லை.

இந்தப் போட்டியில் வண்டிக்கு இரண்டு பேர். ஒருவர் ஓட்ட வேண்டும். இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து, வரப்போகிற வளைவுகளைப் படித்துச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். சொல்ல ஆளில்லாத வண்டிக்குக் கொடி அசைக்க மாட்டார்கள். வெள்ளியங்கிரிக்கு அந்த ஆள் அவர் சம்சாரந்தான். "வலது! கொண்டை ஊசி! பிரேக்கு, பிரேக்கு!" என்று ரங்கநாயகி போடுகிற சத்தத்தில் ஸ்டியரிங் தன்னால் திரும்பும் என்று மைதானத்தில் கேலி பேசுவார்கள்.

போன போட்டியில் பாதி மலையில் பெட்ரோல் ஒழுகிச் சைலன்ஸரில் பட்டது. குப்பென்று பிடித்துக்கொண்டது. இருவரும் குதித்துவிட்டார்கள்; காவலுக்கு நின்றவர்கள் ஓடி வந்து தீயை அணைத்தார்கள். ஆனாலும் ரங்கநாயகியின் சடை நுனி கருகிவிட்டது.

அதற்குப் பிறகு வெள்ளியங்கிரி தேடாத இடமில்லை. ஒவ்வொரு தடவையும் எதையாவது இறுக்குவார். "சரியாயிருச்சு ரங்கா, நிச்சயமா" என்பார். ரெண்டு நாள் கழித்து வாசம் வரும்.

"இன்னிக்குக் கூப்புடற நேரத்துலயும் வாசம் இருந்துதுன்னா நான் பஸ் ஏறி வூட்டுக்குப் போயிருவேன்" என்று ரங்கநாயகி காலையிலேயே சொல்லிவிட்டார். "அப்புறம் ஆயுசுக்கும் இந்த வண்டில என்ற காலு படாது."

சொன்னால் சொன்னதுதான். இருபத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் வெள்ளியங்கிரிக்கு அது நன்றாகவே தெரியும்.

நூர்ஜஹான் எழுந்தார். ஸ்பேனர் பெட்டியை எடுக்கவில்லை. கைப்பையைத் துழாவி ஒரு முகப்பவுடர் டப்பாவை எடுத்தார்.

"இதென்னங் மாஸ்டர்?"

"பவுடர்."

"அது தெரியுதுங். யாருக்கு?"

"வாங்க."

வண்டி நடு வெயிலில் நின்றது. ரெண்டே சீட்டு, தரையோடு தரையாக, பளபளவென்று மாம்பழ மஞ்சள். பழைய இரும்புக் கடையில் கிடந்ததை வாங்கி வந்து வெள்ளியங்கிரி உயிர் கொடுத்த வண்டி. சக்கரம், விளக்கு, ஸ்டியரிங், பானெட்டு, பெட்ரோல் மூடி, ஒன்று பாக்கியில்லாமல் சந்தனம் குங்குமம். வாராவாரம் பூஜை உண்டு; போட்டிக்கு முன்னாலும் பூஜை போடாமல் அவர் சாவியைத் தொட மாட்டார்.

வந்ததும் வராததுமாக அவர் நேரே பெட்ரோல் மூடிக்குப் போனார்.

"அதை எதுக்குத் தொறக்கறீங்க?"

"எவ்வளவு கொறைஞ்சிருக்குதுன்னு பாக்கோணுமில்லீங்? கொறைஞ்சிருந்தாத்தான் ஒழுகியிருக்குதுன்னு அர்த்தம்."

திருகினார். புஸ்ஸென்று ஒரு சத்தம்.

"என்ன சத்தம் அது?"

"அது எப்பவும் வர்றதுதானுங்."

நூர்ஜஹான் மூடியை ஒரு தடவை பார்த்தார்.

வெள்ளியங்கிரி அதற்குள் மல்லாந்து வண்டிக்கு அடியில் போய்விட்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"பாருங் மாஸ்டர்! ஒரு சொட்டு இல்ல! காஞ்சு கெடக்குது! காலைல சொட்டுச் சொட்டா ஊத்துச்சு, என்ற கண்ணால பாத்தேன். இப்பத் தேடினா இல்ல!"

"வெளிய வாங்க."

வந்தார். முதுகெல்லாம் மண்.

நூர்ஜஹான் மூடியைத் திருகி இறுக்கினார். பிறகு தானே குனிந்து, பின்னால் டேங்க்கிலிருந்து முன்னால் என்ஜின் வரைக்கும் போகிற பெட்ரோல் குழாயெல்லாம் பவுடரைத் தூவினார். ரப்பர் குழாய் சேரும் இடங்களில் இன்னும் கொஞ்சம். கல்யாண வீட்டு வாசம் அடித்தது.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"வண்டிக்கு மேக்கப்புங்களா மாஸ்டர்?"

"ஈரம் பட்டா கறுப்பாத் தெரியும்" என்றார் நூர்ஜஹான். "இப்ப உக்காருங்க."

"உக்காந்து?"

"உக்காந்து ஒண்ணும் இல்ல. உக்காருங்க."

ஐயோ பாவம்! வெள்ளியங்கிரியை ஓடச் சொல்லுங்கள், ஓடுவார். மலையைப் புரட்டச் சொல்லுங்கள், கடப்பாரை எங்கே என்பார். சும்மா உட்காரச் சொன்னால் அந்த மனுஷன் என்னதான் செய்வார்?

"வண்டியச் சித்தெ நெழலுக்குத் தள்ளிரட்டுங்களா?"

"வேண்டாம். வெயில்லயே நிக்கட்டும்."

"ஒரே ஒருக்கா மூடியத் தொறந்து..."

"மூடில கை வெச்சீங்கன்னா நான் கெளம்பிருவேன்."

நூர்ஜஹான் ஒரு கைப்பிடி வேர்க்கடலையை அவர் மடியில் கொட்டினார். வெள்ளியங்கிரி உரித்தார். பருப்பைக் கீழே போட்டுவிட்டுத் தோலை வாயில் போட்டுக்கொண்டார். ரெண்டு தடவை மென்ற பிறகுதான் தெரிந்தது.

மைக்கில் அடுத்த நம்பர் அழைத்தார்கள். ஒரு நீல வண்டி சீறிக்கொண்டு போனது. அவர் கால் தரையை மிதித்தது.

பக்கத்தில் எவனோ பீடியை எடுத்து உதட்டில் வைத்தான்.

"யார்றா அவன்! பெட்ரோல் வண்டி நிக்கறது கண்ணுக்குத் தெரியலையா? ஓடுறா அக்கட்டால!" என்று நூர்ஜஹான் போட்ட சத்தத்தில் பீடி தானாகவே கீழே விழுந்தது. தீயணைக்கும் சிலிண்டரை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி கடலை உரிக்க ஆரம்பித்துவிட்டார்.

வெயில் ஏறியது. டேங்க் இருக்கிற பின்பக்கத் தகடு தொட முடியாமல் சுட்டது.

ரங்கநாயகி மரத்தடியைவிட்டு மெல்ல வந்தார். மூக்கைச் சுருக்கினார்.

"வருது."

"எங்க? எங்க?" வெள்ளியங்கிரி எகிறிக் குதித்தார். கடலையெல்லாம் நாலாபக்கமும் சிதறியது.

மூவரும் தரையில் கவிழ்ந்து பார்த்தார்கள். வெள்ளைப் பவுடரில், பின்சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்த இணைப்பில், பொட்டளவுக்குக் கறுப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது காசளவு ஆனது. அதன் நுனியில் ஒரு சொட்டு திரண்டது.

"மாட்டிக்கிட்டயாடா மவனே!" வெள்ளியங்கிரி கத்திய கத்தலில் அடுத்த வண்டிக்காரர்களும் ஓடி வந்துவிட்டார்கள். "மாஸ்டர், பாத்துட்டேன்! என்ற கண்ணால பாத்துட்டேன்! பவுடருக்கு ஒரு மாலை போடோணுமுங்!"

ரப்பர் குழாயை இறுக்குகிற கிளிப் வந்தது. ஸ்க்ரூ டிரைவர் வந்தது. பழைய கிளிப்புக்குப் பக்கத்திலேயே புதுசு ஒன்றை மாட்டிப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். சொட்டு நின்றது.

"சரியாயிருச்சு ரங்கா! நிச்சயமா!"

ரங்கநாயகியின் மூக்கு மறுபடி சுருங்கியது.

"இன்னும் வருதுங்."

மறுபடி கவிழ்ந்தார்கள். இந்தத் தடவை நடுவில் இருந்த இணைப்பில் கறுப்பு.

"அட!" என்றார் வெள்ளியங்கிரி. "இது நேத்து நல்லாத்தான இருந்துது!"

அதையும் முறுக்கினார். இப்போது என்ஜினுக்குப் பக்கத்தில் கறுத்தது. அங்கே ஓடினார். அதை முறுக்கிவிட்டு நிமிர்ந்தால், முதலில் முறுக்கிய இடத்தில் இரண்டு கிளிப்புக்கு நடுவில் மறுபடியும் ஈரம்.

அவ்வளவுதான். ஸ்க்ரூ டிரைவர் பறந்து போய்ப் புழுதியில் விழுந்தது.

"ஒண்ண அடைச்சா இன்னொண்ணு! அத அடைச்சா வேறொண்ணு! நான் என்ன பாவம் பண்ணுனேன் இந்த வண்டிக்கு? என்ற புள்ளையாட்டப் பாத்துக்கிட்டேனே!" குரல் உடைந்துவிட்டது. முதலாளி, அத்தனை பேர் நடுவில், கண் கலங்கி நின்றார். "சொல்லுங் மாஸ்டர், இன்னும் எங்க அடைக்கோணும்?"

"இன்னுமா அடைக்கணும்?" என்றார் நூர்ஜஹான்.

"பின்ன?"

நூர்ஜஹான் ரங்கநாயகியைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, இவரு மூக்கையும் வாயையும் சித்தெ சேத்துப் பொத்துங்க."

"எதுக்குங்?"

"சும்மா பொத்துங்கக்கா."

இப்படி ஒரு வாய்ப்பு வாழ்க்கையில் எத்தனை தடவை வரும்? ரங்கநாயகி ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். இரண்டு கையாலும் அழுத்தமாகப் பொத்தினார்.

வெள்ளியங்கிரி முதலில் அசையாமல் நின்றார். மாஸ்டர் சொன்னால் காரணம் இருக்கும். கொஞ்ச நேரத்தில் கன்னம் இரண்டும் உப்பியது. முகம் சிவந்தது. கை காலை உதறினார். "ம்ம்! ம்ம்!" என்றார்.

"விட்றாதீங்கக்கா. இப்பச் சொல்லுங்க, எங்க ஒழுகுது?"

ரங்கநாயகி எட்டிப் பார்த்தார்.

"கண்ணுலீங்."

"அப்பக் கண்ணையும் அடைச்சிரலாமுங்களா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

ரங்கநாயகி கையை எடுத்தார். வெள்ளியங்கிரி உஸ்ஸென்று காற்றை விட்டார். இழுத்தார். மறுபடி விட்டார்.

விட்ட மூச்சு பாதியில் நின்றது.

அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி வண்டியின் பின்பக்கம் பார்த்தார்.

"மாஸ்டர்... அந்தப் புஸ்ஸுங்."

நூர்ஜஹான் கடைசிக் கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

வெள்ளியங்கிரி ஓடினார். மூடிக்கு முன்னால் மண்டியிட்டார். திறக்கவில்லை, முகத்தை ஒட்ட வைத்துப் பார்த்தார். மூடியின் நடுவில் காற்றுப் போக ஒரு ஊசித் துளை இருக்கும். டேங்க் மூச்சு விடுகிற துளை. அதன் மேல் சந்தனம். இன்றைக்கு வைத்தது ஒன்று, அதற்குக் கீழே போன வாரத்தது, அதற்கும் கீழே அதற்கு முந்தினது. பூஜைக்குப் பூஜை ஒரு பூச்சு. காய்ந்து, கல்லாகி, ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை.

"நாந்தானுங்" என்றார். "நானேதானுங். வண்டிக்கு வயிறு இதுன்னு, இங்க மட்டும் தாராளமா வெப்பேனுங்."

வெயிலில் டேங்க் சுட்டது. உள்ளே பெட்ரோல் பொங்கியது. போக வழியில்லாத காற்று பெட்ரோலை நெட்டித் தள்ளியது. எந்த இணைப்பு இளகிக் கொடுத்ததோ அந்த வழியாக அது வெளியே வந்தது. தேடுகிறேன் என்று அவர் முதல் வேலையாக மூடியைத் திறந்தபோதெல்லாம் காற்று போயிற்று. ஒழுகலும் நின்றது. நின்ற பிறகு அவர் வண்டிக்கு அடியில் படுத்துத் தேடினார். இத்தனை மாசமும் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

"சாமியே வந்து உள்ள உக்காந்திருந்தாலும் மூச்சு முட்டிச் செத்திருக்குமுங்" என்றார் ரங்கநாயகி. சொல்லிக்கொண்டே வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினார்.

வெள்ளியங்கிரி சுரண்டினார். பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஊக்கின் நுனி உள்ளே இறங்கியதுதான் தாமதம், மெல்லிய விசில் ஒன்று கிளம்பியது. நீளமாக, சுகமாக, டேங்க் மூச்சை விட்டது.

"வுட்டுருச்சு! மூச்சு வுட்டுருச்சுங்!" வெள்ளியங்கிரி பிறந்த குழந்தையைப் பார்த்தவர் மாதிரி கத்தினார். கூட்டத்தில் யாரோ கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள்.

விசில் அடங்கியதும் அவர் தரையில் உட்கார்ந்து ஊக்கைத் துடைத்தார். அப்புறம்தான் மாஸ்டர்மேல் கோபம் வந்தது.

"புஸ்ஸுன்னு கேட்டப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்லீங்?"

"கேட்டேனே, என்ன சத்தம்னு."

"ஆமாங்."

"என்ன சொன்னீங்க?"

வெள்ளியங்கிரி எழுந்து, புழுதியில் விழுந்த ஸ்க்ரூ டிரைவரைத் தேடப் போனார்.

நூர்ஜஹான் குழாயைத் துணியால் துடைத்துக் காயவிட்டு, மிச்சமிருந்த பவுடரை மறுபடி தூவினார். டப்பாவைத் தட்டித் தட்டிக் கவிழ்த்தார். "ஸ்டார்ட் பண்ணுங்க."

என்ஜின் உறுமியது. மைதானத்துப் புழுதி எழும்பியது. நூர்ஜஹான் காலால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தச் சொன்னார். விடச் சொன்னார். மறுபடி அழுத்தச் சொன்னார். தகடு கொதித்தது.

வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"அடுத்த வண்டி ரெடியா இருக்கவும்" என்றது மைக். வெள்ளியங்கிரியின் நம்பரைச் சொன்னது.

அவர் இறங்கி நின்றார். கை தானாக மூடியைத் திறக்கப் போனது. பாதி வழியில் அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

ரங்கநாயகி குனிந்து முதல் இணைப்பை மோந்து பார்த்தார். நடு இணைப்பை மோந்தார். என்ஜின் பக்கம் போய் மோந்தார். நிமிர்ந்து புருஷன் முகத்தைப் பார்த்தார்.

"நிச்சயமாங்?"

வெள்ளியங்கிரி வாயைத் திறந்தார். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நூர்ஜஹானைப் பார்த்தார். நூர்ஜஹான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொடிக்காரர் கை காட்டிக் கூப்பிட்டார்.

"தெரியலை ரங்கா" என்றார் வெள்ளியங்கிரி. "இந்த நிமிசம் ஒழுகலை. மேல போனா என்னன்னு எனக்குத் தெரியாது. பயமாத்தான் இருக்குது."

ரங்கநாயகி ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டினார். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்துப் போட்டார்.

"வாசம் வந்தா சொல்றேன், நிறுத்துங்க" என்றார். "ஏறுங்க, வெசையாப் போலாம்."